எந்தப் பக்கம் உதைக்கும்? வீட்டுப் பட்டறையில் மின்கருவிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு

எந்திரப் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டின் பின்பக்க அறையில் மரவேலையும் கொஞ்சம் இரும்பு வேலையும் செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக டிரில்லோ கிரைண்டரோ வாங்கியவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எத்தனை வாட், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை ஆண்டு உத்தரவாதம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். "சரி, இது மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் உதைக்கும்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

கண்ணாடி போடு, தளர்ந்த சட்டை போடாதே என்ற பட்டியல் பெட்டிக்குள் வரும் கையேட்டிலேயே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். படித்தாலும் அது போதாது என்பது என் கட்சி. சுழலும் கருவி எதுவானாலும் அதற்கு ஒரு திசை உண்டு. வெட்டும் பல் எந்தப் பக்கம் ஓடுகிறது, அது தடைப்பட்டால் கருவி எங்கே போகும், மரம் எங்கே போகும் என்று தெரிந்துவிட்டால் எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். அது தெரியாதவன் தலைமுதல் கால்வரை கவசம் மாட்டிக்கொண்டாலும் தவறான இடத்தில்தான் நிற்பான்.

டிரில்

இதில் என்ன ஆபத்து என்று நினைத்துத்தான் எல்லோரும் டிரில்லில் தொடங்குகிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பிட், அதாவது துளைக்கும் அலகு, வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது சுவருக்குள் கம்பியிலோ மரத்துக்குள் கணுவிலோ சிக்கி நின்றால், மோட்டார் நிற்காது. பிட்டுக்குப் பதிலாக டிரில்லின் உடல் இடஞ்சுழியாகச் சுற்றப் பார்க்கும். கீழ்நோக்கி இருக்கும் கைப்பிடி உங்கள் வலப்பக்கமாகத் திரும்பும், மணிக்கட்டும் அதோடு போகும். சிறிய டிரில் என்றால் சுளுக்கு. சுவர் துளைக்கும் பெரிய டிரில் என்றால் எலும்பு முறியலாம். ஏணி மேல் நின்றிருந்தால் கீழே விழலாம். பக்கவாட்டுக் கைப்பிடியை அலங்காரத்துக்குக் கொடுக்கவில்லை. பெட்டியில் அப்படியே கிடக்கும் அந்தப் பிடியை எடுத்து மாட்டுங்கள். பிட் சிக்கினால் வழுக்கிவிடும் கிளட்ச் உள்ள டிரில்லில் அதைத் தேவைக்கு மேல் இறுக்கமாக வைக்காதீர்கள்.

மெல்லிய தகட்டில் துளை போடுவதை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். பிட்டின் நுனி உள்ளே இறங்கும்வரை சத்தம் ஒரே சீராக இருக்கும், துகள் ஒழுங்காக வெளியே வரும். நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நொடியில் சத்தம் தடித்துவிடும். துளையின் ஓரத்தில் மிஞ்சியிருக்கும் தகட்டை வெட்டுவாய் அறுக்காமல் கொத்திப் பிடிக்கும். அடுத்த கணம் தகடு பிட்டின் முறுக்குக்குள் ஏறி அதோடு சேர்ந்து சுற்றும். கையில் பிடித்திருந்தால் அது மின்விசிறி இறக்கைதான். ஓரம் மட்டும் கத்தி. இதற்கு வைத்தியம் எளிது. அடியில் ஒரு மரத்துண்டு, மேலே ஒரு மரத்துண்டு, நடுவில் தகடு, மூன்றையும் சேர்த்துக் கிளாம்ப். பிட் வெளியேறும் கட்டம் நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும் இடத்தில்தான் கையைத் தளர்த்த வேண்டியிருக்கிறது.

மேசையில் நிற்கும் டிரில் எந்திரத்தில், அதாவது டிரில் பிரஸ்ஸில், பொருள் சிக்கினால் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். நீளமான பட்டையைத் துளையிடும்போது அதன் நீண்ட பக்கம் உங்கள் இடப்புறம் இருக்கட்டும்; பின்னால் இருக்கும் தூணின் இடப்பக்கத்தை அது தொட்டுக்கொண்டிருக்கட்டும். சிக்கினால் தூணில் முட்டி நின்றுவிடும். வலப்புறம் நீட்டிக்கொண்டிருந்தால் அதே பட்டை நேராக உங்கள் வயிற்றுக்கு வரும். கிளாம்ப் போட்டாலும் இப்படியே வையுங்கள். கிளாம்ப் நழுவும் நாளும் வரும்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. இறுக்கி முடித்ததும் அது கையை விட்டு நேராக அதன் இடத்துக்குப் போக வேண்டும். "ஒரு நிமிடம் இருக்கட்டும்" என்று சக்கிலேயே விட்ட சாவி, சுவிட்சைப் போட்டதும் தோட்டாவாகிவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் பழைய மேஸ்திரி ஒருவர், சக்கில் சாவியை விட்டுவிட்டு நகர்ந்தவனைக் கண்டால் திட்டவே மாட்டார். சாவியை உருவித் தம் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அன்று முழுக்க அவன் அவர் பின்னால் அலைய வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டர்

வட்டமான டிஸ்கைச் சுழற்றி இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் செய்யும் கைக்கருவி இது. வீட்டுப் பட்டறையில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். விலை மலிவு, கைக்கு அடக்கம், எதையும் அறுக்கும். அதனால் யார் கையிலும் இருக்கிறது.

டிஸ்கை மாட்டுவதற்கு முன் அதில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்கில் பொதுவாக 80 மீட்டர்/நொடி, 15,300 சுற்று என்று இருக்கும். டிஸ்கின் ஓரம் நொடிக்கு 80 மீட்டர் வேகத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். உங்கள் கிரைண்டர் 11,000 சுற்று ஓடினால் 100 மில்லிமீட்டர் டிஸ்கின் ஓரம் நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டரில் ஓடுகிறது, வரம்புக்குள்தான். இப்போது டிஸ்கைப் பாதி மூடியிருக்கும் தடுப்பான கார்டைக் கழற்றிவிட்டு 180 மில்லிமீட்டர் டிஸ்கை அதே கிரைண்டரில் மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிஸ்கின் உச்ச வரம்பு 8,500 சுற்றுதான். 11,000 சுற்றில் அதன் ஓரம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டிவிடும். டிஸ்க் வெடித்துச் சிதறினால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை, கணக்கு அப்படி. பெரிய டிஸ்க் போட முடியாதபடி தடுப்பதும் கார்டின் வேலைகளில் ஒன்று.

டிஸ்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. மருந்துக்குப் பார்ப்பவர்கள் இதற்குப் பார்ப்பதில்லை. டிஸ்கைக் கட்டியிருக்கும் பிசின் ஈரத்தாலும் நாட்பட்டும் வலுவிழக்கும். அதனால்தான் மூன்று ஆண்டு வரம்பு. கீழே விழுந்த டிஸ்க், நனைந்த டிஸ்க், ஓரம் பெயர்ந்த டிஸ்க் எதையும் "பரவாயில்லை, ஓடும்" என்று மாட்டாதீர்கள். இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

கட்டிங் டிஸ்க் மெல்லியது. விளிம்பால் அறுப்பதற்கு மட்டும் செய்தது. வெட்டியதும் பிசிறு இருக்கிறதே என்று அதன் பக்கவாட்டை வைத்துத் தேய்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அதற்குத் தடித்த கிரைண்டிங் டிஸ்க் தனியாக இருக்கிறது. ஒரு நிமிடம் செலவழித்து மாற்றுங்கள்.

இனி திசை. பொறி எந்தப் பக்கம் பறக்கிறதோ, டிஸ்கின் வெட்டும் ஓரம் அந்தப் பக்கம் ஓடுகிறது. டிஸ்க் மாட்டிக்கொண்டால் கிரைண்டர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உதைக்கும். பொறி உங்களை விட்டு விலகிப் பறக்கும்போது நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்போதுதான் உதை உங்கள் பக்கம் வரும். அதனால் டிஸ்க் சுழலும் தளத்துக்கு நேராக முகமோ கழுத்தோ தொடையோ இருக்கக்கூடாது. அந்தக் கோட்டை மனத்தில் நீட்டிப் பாருங்கள், அதிலிருந்து விலகி நில்லுங்கள்.

டிஸ்க் ஏன் மாட்டுகிறது? பெரும்பாலும் நாமே மாட்ட வைக்கிறோம். குழாயை இரண்டு முனையிலும் தாங்கு கொடுத்துவிட்டு நடுவில் அறுத்தால், அறுபட அறுபட நடுப்பகுதி தொய்ந்து வெட்டின் வாய் மூடிக்கொள்ளும், டிஸ்கைக் கவ்வும். ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கி, வெட்டுப்படும் துண்டு கீழே தொங்கி விழும்படி விட்டால் வாய் விரியும். இரும்புக்குச் சொன்ன இந்த விதி மரத்துக்கும் அப்படியே பொருந்தும்.

என் தம்பி மகன் ஒருநாள் மூலையில் இருந்த போல்ட்டை அறுக்கக் கார்டைக் கழற்றப் போனான்.

"கார்டு இருந்தால் டிஸ்க் உள்ளே போகவில்லை, பெரியப்பா."

"அப்படியானால் இந்த வேலைக்கு இந்தக் கருவி இல்லை" என்று ஹாக்ஸா பிளேடை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே அறுத்தான். பத்து நிமிட வேலை.

கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இஎன் 166 என்ற ஐரோப்பியத் தரநிலையில் எஃப் என்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடியை, நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சிறிய எஃகுக் குண்டால் அடித்துச் சோதிப்பார்கள். பி என்று குறித்த முகக்கவசத்துக்கு 120 மீட்டர். டிஸ்க் துண்டு எந்த வேகத்தில் வரும் என்று மேலே பார்த்தோம். பார்வைக்குப் போடும் கண்ணாடி இந்தக் கணக்கிலேயே வராது. முகக்கவசத்தின் அடியிலும் ஓரத்திலும் இடைவெளி இருப்பதால் உள்ளே கண்ணாடியும் இருக்கட்டும். இத்தனைக்கும் முன்னால் நிற்பது கார்டுதான். அதை உங்களுக்கும் டிஸ்குக்கும் நடுவே வரும்படி திருப்பி இறுக்குங்கள்.

புது டிஸ்க் மாட்டியதும் யாரும் இல்லாத பக்கம் பிடித்து, வெறுமனே ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். உடைகிற டிஸ்க் பெரும்பாலும் அப்போதே உடையும்.

ரம்பங்கள்

மேசையின் நடுவே வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கும் டேபிள் சாவில் ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்குகின்றன. மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேலே ஏறுகின்றன. அறுபட்ட பலகை கொஞ்சம் கோணிப் பின்பக்கப் பல்லில் உரசினால், அது பலகையைத் தூக்கி உங்களை நோக்கி எறியும். 250 மில்லிமீட்டர் ரம்பம் 4,000 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் நொடிக்கு 52 மீட்டர். பலகை எறியப்படுவது பாதி ஆபத்து. அதன் மேல் இருந்த கை ரம்பத்தின் பக்கம் இழுபடுவது மீதி.

இதைத் தடுக்கத்தான் ரம்பத்துக்குப் பின்னால் ரிவிங் நைஃப் என்ற மெல்லிய இரும்புத் தகடு நிற்கிறது. அறுத்த வாய் மூடாமலும் பலகை பின்பல்லைத் தொடாமலும் அது பார்த்துக்கொள்ளும். வாங்கிய அன்றே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பழைய எந்திரம் வாங்கினால் முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொருத்திய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ரம்பத்துக்கும், பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் துண்டுதான் எறியப்படும். சட்டம் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் ரம்பத்தின் கோட்டுக்கு இடப்பக்கம் நில்லுங்கள். சட்டம் ரம்பத்துக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பின்பக்கம் நெருங்கியிருந்தால் பலகையைப் பிழியும். ரம்பத்தின் உயரம் பலகைக்கு மேல் ஒரு பல் அளவு தெரிந்தால் போதும். ஒடுக்கமான துண்டைத் தள்ளக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை கைக்கு எட்டும் இடத்தில் இல்லாவிட்டால் விரல்தான் கட்டை. குறுக்குவெட்டுக்கு, பலகையைக் கோணம் மாறாமல் தள்ள உதவும் மைட்டர் கேஜைப் பயன்படுத்தும்போது சட்டத்தையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். அறுபட்ட துண்டு இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அறுபட்டு விழுந்த துண்டை எடுக்க, ரம்பம் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். சுவிட்சை அணைத்தபின் சத்தம் குறைந்ததும் நின்றுவிட்டதாகக் காது நம்பிவிடும், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேபிள் சாவில் சாஸ்டாப் என்ற ஒரு வகை இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் உருவாக்கியது. ரம்பத்தில் சிறிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். தோல் பட்டால் அந்தக் குறி மாறும். அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து 5 மில்லிநொடிக்குள் ரம்பத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அத்தோடு அந்தக் கட்டையும் ரம்பமும் வீண், விரலில் கீறல் மட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலகை எறியப்படுவதை அது தடுக்காது.

கையால் பிடிக்கும் சர்குலர் சாவில் கதை தலைகீழ். ரம்பத்தின் அடிப்பற்கள் முன்னோக்கி ஓடி மேலே ஏறி அறுக்கின்றன. வாய் மூடிக் கவ்வினால் எறியப்படுவது பலகை இல்லை, ரம்பமே உங்கள் பக்கம் பின்னால் துள்ளும். ஆகவே வெட்டுக் கோட்டுக்குப் பின்னால் நேராக நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். கீழே தானாக மூடிக்கொள்ளும் கார்டு வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும், பிளக்கைச் செருகும் முன், கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். தூள் அடைத்துப் பாதியில் நின்றால் சுத்தம் செய்யுங்கள். ஆணி செருகித் திறந்தே வைக்கிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை.

பலகையின் ஓரத்தைச் சுழலும் பிட்டால் செதுக்கும் ரவுட்டருக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றும்போது இடஞ்சுழியாகப் போங்கள், படச்சட்டம் போன்றதன் உள் ஓரத்தைச் சுற்றும்போது வலஞ்சுழியாகப் போங்கள். பிட் சுழலும் திசைக்கு எதிராகத் தள்ளினால் கருவி கைக்கு அடங்கும். அதே திசையில் தள்ளினால் அது ஓடிவிடும், நீங்கள் பின்னால் ஓட வேண்டும். பிட்டை அடி வரை செருகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள்.

கையுறை

இதில் பலர் குழம்புகிறார்கள். டிரில் பிரஸ், டேபிள் சா, லேத் ஆகியவற்றில் கையுறை கூடாது. வெறும் விரலில் பட்டால் விரல் கிழியும். கையுறையின் நூல் சிக்கினால் கை முழுதும் உள்ளே போகும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய கயிறு, விரித்த கூந்தல் எல்லாம் இதே கணக்கு. கைக்கிரைண்டருக்குப் பொருத்தமான தோல் கையுறை சரி. தளர்ந்த நூல் கையுறை எதற்கும் வேண்டாம்.

சுவிட்சும் மின்சாரமும்

கைத்துப்பாக்கிப் பிடியும் விசையும் டிரில்லுக்கு வந்தது பிளாக் அண்ட் டெக்கர் பெற்ற காப்புரிமையால், ஆண்டு 1917. விரலை எடுத்தால் நின்றுவிடும் என்பது அதன் சிறப்பு. தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும் சுவிட்ச் உள்ள கிரைண்டரில் அந்தச் சலுகை இல்லை. கையை விட்டு நழுவினாலும் தரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் அகலச் சுவிட்ச் உள்ளதைப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை, மின்தடை. வேலை நடுவில் மின்சாரம் போகிறது. கிரைண்டரை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள். சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் யாரும் தொடாமலே அது ஓடத் தொடங்கும், உருண்டு கீழே விழும், தன் வயரையே அறுக்கும். எங்கள் தொழிற்கூடத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். மின்சாரம் போன நொடியில் முதலில் சுவிட்ச், அடுத்தது பிளக், பிறகுதான் தண்ணீர். நிலைத்து நிற்கும் எந்திரங்களுக்கு, மின்சாரம் திரும்பி வந்தாலும் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் சுவிட்ச் கிடைக்கிறது, பொருத்துங்கள்.

பிட், ரம்பம், டிஸ்க் எதை மாற்றினாலும் பிளக்கைப் பிடுங்க வேண்டும்; பேட்டரிக் கருவி என்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தது போதாது. பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணில் படும்படி கிடக்கட்டும்.

பட்டறை இணைப்புக்கு, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் சுருளாக இருந்தால் முழுவதும் அவிழ்த்த பிறகு பயன்படுத்துங்கள். சுற்றியபடியே 1,500 வாட் கருவியை ஓட்டினால் உள்சுற்றுகள் சூடேறி உருகும்.

தூள், சத்தம், நெருப்பு

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தும்மல் வராவிட்டாலும் தூள் தூள்தான். கைக்குட்டை கட்டுவது வீண்; என்95 முகமூடி, முகத்தோடு ஒட்டியபடி. தாடி இருந்தால் ஒட்டாது.

சத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை சமாளிக்கலாம். 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். ரம்பம் எளிதாகத் தொடும் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ஒரே ஒரு வெட்டுக்கு எதற்குக் காதடைப்பு என்று கேட்டுக் கேட்டே காது போனவர்கள் என் வயதில் நிறைய.

மரத்தூள் கிடக்கும் அறையில் கிரைண்டரை ஓட்டாதீர்கள். தூளுக்குள் விழுந்த பொறி வெளியே தெரியாமல் வெகுநேரம் கனலும். பட்டறையைப் பூட்டிய பிறகுதான் எரியும். ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் பொறியே தேவையில்லை. காய்கிறபோது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வையுங்கள். பனிக்கட்டியில் நேராகப் போட்டால் தசை உறைந்து கெட்டுவிடும். கண்ணில் எதுவாவது குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், தேய்க்காதீர்கள். அழுத்தம் படாமல் ஒரு குவளையால் மூடிக்கொண்டு போங்கள். பட்டறையில் தனியாக வேலை செய்கிறவர்கள் கைப்பேசியைத் தூரத்து அலமாரியில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவதில் எது முதலில் என்று கேட்கிறவர்களுக்கு என் வரிசை இது: கண்ணாடி, முகக்கவசம், காதடைப்பு, முகமூடி, நான்கு கிளாம்ப், ஒரு நல்ல வைஸ். கையில் மிச்சம் இருந்தால் டிரில். கிரைண்டர் வாங்குவது டிரில்லோடு ஆறு மாதம் பழகிய பிறகு.